ஷூவுக்குள் இடம் மாறும் சுமை

அளவெடுத்துச் செய்யும் இன்சோல் விளையாட்டு வீரர்களுக்கு என்ன தருகிறது, எதைப் பறிக்கிறது?

2005 அக்டோபர். மாட்ரிட் மாஸ்டர்ஸ் டென்னிஸ் இறுதி ஆட்டம். 19 வயது ரஃபேல் நடால், குரோஷியாவின் இவான் லூபிசிச்சிடம் முதல் இரண்டு செட்களையும் பறிகொடுத்தார். பிறகு அடுத்த மூன்றையும் வென்று, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் கோப்பையைத் தூக்கினார். அதே வருடம் ஜூன் மாதம்தான் பாரிஸில் முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம் வென்றிருந்தார். டென்னிஸ் உலகமே அவருக்காகக் காத்திருந்த நேரம் அது. ஆனால் மாட்ரிட் ஆட்டம் முடிந்த கையோடு இடது பாதம் வீங்கியது. ஊன்றி நடப்பதே பெரும்பாடாகிவிட்டது. ஷாங்காய் மாஸ்டர்ஸ் கோப்பை கைநழுவியது. அடுத்த ஜனவரியின் ஆஸ்திரேலிய ஓப்பனும் போயிற்று.

பாதத்தின் நடுவே, உள்வளைவின் உச்சியில், நேவிகுலர் என்ற படகு வடிவச் சிற்றெலும்பு இருக்கிறது. நடக்கும்போதும் ஓடும்போதும் உடல் எடை கணுக்காலிலிருந்து விரல்களுக்குப் போகும் வழியில் இந்த எலும்பைத் தாண்டித்தான் போக வேண்டும். நடாலுக்குப் பழுது அங்கேதான் இருந்தது. முல்லர்-வைஸ் நோய் என்று இதற்குப் பெயர். எலும்பு மெல்ல மெல்லச் சிதைந்து உருக்குலையும். குணமாக்க மருந்து இல்லை. இனி தொழில்முறை டென்னிஸ் ஆட முடியாமலே போகலாம் என்று மருத்துவர் சொன்னபோது குடும்பமே இடிந்துபோனது. அந்த நாட்களில் மைதானத்தில் நாற்காலி போட்டு, அதில் உட்கார்ந்தபடியே பந்தை அடித்துப் பயிற்சி செய்ததாக நடால் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

கடைசியில் அவருக்குக் கைகொடுத்தது ஓர் இன்சோல். அவருடைய பாதத்துக்கென்றே வடிவமைத்து, பழுதான எலும்பின் மேல் விழும் சுமையை அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிடும்படி செய்த இன்சோல். அது உள்ளே அடங்குவதற்கு ஏற்றபடி ஷூவையும் மாற்றி அமைத்தார்கள். 2006 பிப்ரவரியில் மார்சேய் போட்டியில் மீண்டும் களமிறங்கினார். ஜூன் மாதம் பாரிஸ் பட்டத்தைத் தக்கவைத்தார். ஆட முடியாமல் போகலாம் என்று சொல்லப்பட்டவர் ஓய்வு பெறும்போது கையில் 22 கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். அவற்றில் 14 பாரிஸில் வென்றவை.

இந்தக் கதையை இன்சோல் விற்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நடால் நிறுத்தவில்லை. பாதத்திலிருந்து தள்ளப்பட்ட பாரம் முழங்காலுக்கும் முதுகுக்கும் போய்ச் சேர்ந்ததை அவரே சொல்லியிருக்கிறார். 2009-ல் விம்பிள்டன் பட்டத்தைக் காத்துக்கொள்ளக்கூடக் களமிறங்க முடியாமல் போனது முழங்கால் தசைநாண் அழற்சியால். 2022-ல் பாரிஸில் 14-வது பட்டத்தை வென்றபோது, பாதத்தின் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போட்டுக்கொண்டுதான் ஆடினார். இன்சோல் அவருடைய எலும்பைக் குணப்படுத்தவில்லை. சுமையை இடம் மாற்றி, ஏறக்குறைய 17 ஆண்டுகளை வாங்கிக் கொடுத்தது.

இன்சோலைப் பற்றி ஒரு வீரரோ பயிற்சியாளரோ பெற்றோரோ முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். சுமை மறைவதில்லை, இடம் மாறுகிறது. எங்கே மாறுகிறது, அந்த இடம் அதைத் தாங்குமா என்று கேட்காமல் ஷூவுக்குள் எதையும் வைக்கக் கூடாது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள், நூற்றுக்கு மேற்பட்ட தசைகளும் தசைநாண்களும் தசைநார்களும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை இந்தச் சின்ன அமைப்பின் மேல் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மாரத்தான் ஓடினால், ஏறக்குறைய 40,000 அடிகள். ஒவ்வோர் அடியிலும் 120 முதல் 180 கிலோ. ஓட்ட வீரர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை ஒரே நாளில் விழுந்து அடிபட்டு வருவதில்லை. தாங்கக்கூடிய அளவு சுமை, அதே புள்ளியில், ஓய்வில்லாமல், ஆயிரக்கணக்கான தடவை விழுந்து வருகிறவை.

வேலூரில் தெரிந்துகொண்டது

இந்த உண்மையை மிகத் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர் விளையாட்டு மருத்துவரே இல்லை. தொழுநோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தவர். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் கை கால் தானாக அழுகி விழுந்துவிடும் என்று நம்பிய காலம் அது. பிராண்ட் நோயாளிகளின் பாதங்களை நாள்கணக்கில் உற்றுப் பார்த்தார். உணர்ச்சி செத்துப்போன பாதம், வலி தெரியாததால், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றிப் புண்ணாகிறது என்று கண்டார். நமக்கெல்லாம் ஓரிடம் வலித்தால் தெரியாமலே காலை மாற்றி வைத்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை.

அப்படியானால் பாதத்தைக் காக்க என்ன வழி? ஒரு புள்ளியில் விழும் அழுத்தத்தை உள்ளங்கால் முழுக்கப் பரப்ப வேண்டும். வேலூரிலும் பக்கத்துக் கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்புகள் பிறந்தது இந்தத் தேவையால்தான். எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்றைக்கும் சர்க்கரை நோயாளிகள் மருத்துவமனைகளில் கேட்டு வாங்குவது அதே வகைச் செருப்பைத்தான். 1960-களின் நடுவில் பிராண்ட் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் உள்ள கார்வில் மருத்துவமனைக்குப் போனார். அழுத்தம் கூடினால் உடைந்து நிறம் கசியும் நுண்ணிய குமிழ்களைத் தடவிய காலுறையை அங்கே அவருடைய குழு உருவாக்கியது. அதைப் போட்டு நடந்துவிட்டுக் கழற்றினால், பாதத்தில் எந்த இடம் அதிகம் அழுந்துகிறது என்று கறையே காட்டிக் கொடுக்கும். இன்று விளையாட்டு ஆய்வகங்களில் ஷூவுக்குள் நுழைக்கும் மெல்லிய சென்சார் தகடுகள் கணினித் திரையில் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீல வரைபடமும் அதே கேள்விக்குத்தான் விடை தேடுகிறது.

தொழுநோயாளியின் பாதமும் மாரத்தான் வீரரின் பாதமும் ஒரு விஷயத்தில் ஒன்றே. வலியை மதிக்காமல் தொடர்ந்து ஊன்றினால் இரண்டும் சிதையும். ஒருவருக்கு வலி தெரியாது. மற்றவர் வலியைத் தாங்கப் பழகியவர்.

எப்படிச் செய்கிறார்கள்?

இன்சோல் செய்யும் நல்ல கூடத்தில் வேலை பாதத்தில் தொடங்குவதில்லை. நீங்கள் போட்டுத் தேய்த்த பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அடிப்பகுதி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, இரண்டு ஷூவும் ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா, உள்ளே இருக்கும் அட்டையில் கட்டைவிரலின் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பார்கள். அடுத்து வெறுங்காலில் நிற்கச் சொல்வார்கள், ஒற்றைக் காலில் குந்தச் சொல்வார்கள், நுனிக்காலில் எழச் சொல்வார்கள். பின்னாலிருந்து குதிகால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிப்பார்கள். இடுப்பெலும்பிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலின் நீளத்தையும் அளப்பார்கள். டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பின்பக்கமும் பக்கவாட்டிலும் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் அச்சு. ஓர் அட்டைப் பெட்டியில் பூ அலங்காரக் கடைகளில் காம்பு செருகுவார்களே, அந்தப் பச்சைக் கட்டி மாதிரியான நுரை நிரம்பியிருக்கும். நாற்காலியில் உட்கார்த்தி, முழங்காலைப் பிடித்து, குதிகாலை முதலில் அழுத்தி, பிறகு வெளி ஓரம், பிறகு விரல்கள் என்று ஒவ்வொன்றாகப் பதிய வைப்பார்கள். மெல்லிய நொறுங்கும் சத்தத்தோடு பாதம் இறங்கும். வெளியே எடுத்தால் உள்ளங்காலின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் அப்படியே இருக்கும். சிலர் படுக்க வைத்து, பாரம் ஏறாத நிலையில் மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். பெரிய ஊர்களில் இப்போது ஸ்கேனர்கள் வந்துவிட்டன. நின்றுகொண்டு எடுத்த அச்சும் படுத்துக்கொண்டு எடுத்த அச்சும் ஒன்றாக இருக்காது. பாரம் ஏறும்போது பாதம் பரவி நீளும். எந்த நிலையில் அச்சு எடுப்பது என்ற முடிவிலேயே பாதி வேலை அடங்கியிருக்கிறது.

அச்சிலிருந்து இன்சோல் வரும் வழிகள் பல. ஈ.வி.ஏ. நுரைப் பாளத்தை இயந்திரத்தில் குடைந்தெடுப்பது ஒன்று. பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் படியவைப்பது இன்னொன்று. நைலான் தூளில் 3டி பிரிண்டரில் அச்சடிப்பது புதியது. எடை குறைவாகவும் விறைப்பாகவும் வேண்டுமென்றால் கார்பன் ஃபைபர். அடித்தகடு வந்த பிறகு, சாணை இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ஓரங்களைச் சீவி, குதிகால் குழியை ஆழப்படுத்தி, தேவையான இடத்தில் மேடு ஒட்டி, மேலே துணியோ மெல்லிய நுரையோ போர்த்துவார்கள்.

இந்த மேடு ஒட்டும் இடத்தில்தான் கைத்திறன் தெரியும். முன்பாதத்தில் விரல்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் ஐந்து எலும்புத் தலைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே எரிச்சலும் வலியும் உள்ள ஓட்டக்காரருக்கு ஒரு சிறு குமிழ் மேட்டை வைப்பார்கள். அதை வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைத்தால் வலி கூடும். அந்த எலும்புத் தலைகளுக்குப் பின்னால், குதிகால் பக்கமாகத் தள்ளி வைத்தால்தான் எலும்புகள் விரிந்து அழுத்தம் குறையும். வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. அந்தச் சின்ன அளவில்தான் இன்சோல் மருந்தாவதும் முள்ளாவதும்.

ஒரு காலுக்கு ஒரு நியாயம்

ஓட்டத்துக்குச் செய்த இன்சோலைக் கால்பந்து ஷூவில் போட்டு ஆடுவதைப் பல மைதானங்களில் பார்க்கலாம். காசு போட்டுச் செய்தாயிற்று, எல்லாவற்றுக்கும் ஆகட்டும் என்ற நினைப்பு. இது சரிவராது. ஒவ்வொரு விளையாட்டும் பாதத்தை வேறு திசையில் இழுக்கிறது.

வேகப்பந்து வீச்சாளரை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை விடுவதற்கு முன் முன்கால் நேராக நீண்டு தரையில் குத்தும் அந்த நொடியில், உடல் எடையைப் போல ஐந்து முதல் ஒன்பது மடங்கு வரை விசை பதிவாகியிருக்கிறது. ஒரு நாளில் இருபது ஓவர் வீசினால் 120 தடவை. பாதம் ஷூவுக்குள் முன்னோக்கி வழுக்கி, கட்டைவிரல் முனை ஷூவின் நெற்றியில் மோதும். நகம் கறுத்துப்போகாமல் இருக்கத்தான் பல பந்துவீச்சாளர்கள் முன்கால் ஷூவின் விரல் பகுதியில் ஓட்டை வெட்டிக்கொள்கிறார்கள். இவர்களுக்கு இன்சோலில் முதல் தேவை ஆழமான குதிகால் குழியும், வழுக்காத மேல்துணியும். குதிகாலுக்கு அடியில் இருக்கும் இயற்கையான கொழுப்புப் பஞ்சு பக்கவாட்டில் பிதுங்கிப் போகாமல் அந்தக் குழி பிடித்துவைக்கிறது. பின்காலின் வேலையோ வேறு. அது பக்கவாட்டில் திரும்பி இறங்கி, உடலைச் சுழற்றி முன்னே தள்ளுகிறது. ஆகவே வேகப்பந்து வீச்சாளருக்கு இடது இன்சோலும் வலது இன்சோலும் ஒன்றின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால், செய்தவர் விளையாட்டைப் பார்க்காமல் பாதத்தை மட்டும் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

பேட்மிண்டனிலும் அப்படியே. வலக்கைக்காரர் வலைக்கு அருகே பாயும்போது வலது குதிகால்தான் முதலில் இறங்கும். அங்கிருந்து அதே வேகத்தில் பின்வாங்க வேண்டும். உயரமான தடித்த இன்சோலைப் போட்டால் பாதம் தரையிலிருந்து எழும்பி, கணுக்கால் மடங்கும் ஆபத்து கூடும். மெத்தை கொடுக்கும் ஆசையில் நிலைப்பை இழந்துவிடக் கூடாது. பி.வி. சிந்து 2022 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற கையோடு இடது பாதத்தில் அழுத்த முறிவு என்று தெரிந்து உலக சாம்பியன்ஷிப்பில் ஆடாமல் விலக நேர்ந்தது. உச்சத்தில் இருப்பவர்களின் பாதம் எவ்வளவு விளிம்பில் நிற்கிறது என்பதற்கு அது ஒரு சாட்சி.

கால்பந்தில் சிக்கல் இடம். நல்ல ஆட்டக்காரர் ஷூவைப் பாதத்தோடு ஒட்டும்படி இறுக்கமாகத்தான் வாங்குவார். பந்தைத் தொடும் உணர்வு அப்போதுதான் கிடைக்கும். அதற்குள் நான்கு மில்லிமீட்டர் தகட்டைத் திணித்தால் பாதத்தின் மேல்புறம் நசுங்கும். மெலிந்த, முக்கால் நீளத் தகடுதான் சரிவரும். இங்கே இன்னொரு பொறியும் இருக்கிறது. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓடும் ஐந்தாவது பாத எலும்பு கால்பந்திலும் கூடைப்பந்திலும் அடிக்கடி முறிகிறது. பிரேசிலின் நெய்மருக்கு 2018 பிப்ரவரியில் வலது பாதத்தில் முறிந்தது இந்த எலும்புதான். 2019 ஜனவரியில் அதே எலும்பு மறுபடி காயப்பட்டது. கூடைப்பந்தின் கெவின் டியூரன்ட் 2014-15 பருவத்தில் 27 ஆட்டங்களோடு நின்றதும் இதே எலும்பின் முறிவால்தான். இப்போது யோசியுங்கள். பாதம் தட்டை என்று சொல்லி உள்வளைவை உயரமாகத் தூக்கும் இன்சோலை ஒருவருக்குப் போட்டால், பாரம் எந்தப் பக்கம் சாயும்? வெளிப்பக்கம். ஏற்கெனவே கஷ்டப்படும் ஐந்தாவது எலும்பின் மேல்.

அமெரிக்கக் கால்பந்தில் செயற்கைப் புல்தரை வந்த பிறகு, கட்டைவிரல் பின்னோக்கி வளைந்து அடிமூட்டு பிய்ந்துபோகும் காயம் பெருகியது. 1976-ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் அதைத் தனிக் காயமாக விவரித்தார்கள். அதற்குத் தீர்வாகக் கட்டைவிரலுக்கு அடியில் நீளும் விறைப்பான தகட்டை ஷூவுக்குள் வைக்கிறார்கள். விரல் வளைவதைத் தகடு தடுக்கும். அந்த வேலையைக் கணுக்காலும் கெண்டைக்காலும் ஏற்றுக்கொள்ளும்.

சைக்கிள் ஓட்டுபவருக்குக் குதிகால் தரையில் படுவதே இல்லை. அவருக்குக் குதிகால் மெத்தை வீண். பெடலை மிதிக்கும் முன்பாதம் மரத்துப் போவதைத் தடுப்பதும், முழங்கால் உள்நோக்கி விழாமல் நேர்கோட்டில் ஏறி இறங்கச் செய்வதும்தான் தேவை.

கபடிக்கு வருவோம். மண் தரையில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய பையன், மாநில அணிக்குத் தேர்வானதும் மேட் மேல் ஷூ போட்டு ஆடுகிறான். மண் வழுக்கிக் கொடுக்கும், மேட் பிடித்துக்கொள்ளும். உடல் திரும்பிய பிறகும் பாதம் ஒட்டிய இடத்திலேயே நின்றால், அந்தத் திருகல் முழங்காலுக்குப் போகும். கபடி ஷூவின் அடிப்பாகம் மெல்லியது, தரையோடு ஒட்டியது. அதில் தடித்த இன்சோல் போடுவதைவிட, மேட் தரைக்குக் கால் பழக நாள் கொடுப்பதும், ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும்தான் முதலில் வேண்டியவை என்று நினைக்கிறேன்.

சோதனைகள் சொல்வது

இன்சோல் உண்மையிலேயே காயத்தைத் தடுக்கிறதா? நேர்மையான சோதனைகள் நடந்திருக்கின்றன, பெரும்பாலும் ராணுவத்தில். புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் ஒரே பூட்ஸ் போட்டு, ஒரே தூரம் ஓடி, ஒரே சாப்பாடு சாப்பிடுவதால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி. பிரிட்டனின் டார்ட்மவுத் கடற்படைக் கல்லூரியில், காயத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று பாத அழுத்தப் பரிசோதனையில் தெரிந்த 400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அளவுக்கேற்ற இன்சோல், மறுபாதிக்கு இல்லை. 2011-ல் வெளியான முடிவின்படி, இன்சோல் போட்டவர்களில் காயங்கள் 21, போடாதவர்களில் 61.

2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பாதத்தின் வடிவத்தைத் தாங்கும் இன்சோல்கள் மொத்தக் காயங்களின் வாய்ப்பை 28 சதவீதமும், எலும்பு அழுத்த முறிவின் வாய்ப்பை 41 சதவீதமும் குறைத்திருந்தன. அதிர்ச்சி தாங்கும் மெத்தை என்று விற்கப்படும் தட்டையான மென்மையான இன்சோல்களுக்கோ காயத்தைத் தடுக்கும் பலன் எதுவும் தெரியவில்லை. மருந்துக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் ஜெல் மெத்தை சுகமாக இருக்கலாம். அந்தச் சுகத்தைப் பாதுகாப்பு என்று நம்பி ஓட்டத்தைக் கூட்டக் கூடாது.

அளவெடுத்துச் செய்ததுதான் ஒசத்தி, ரெடிமேட் மட்டம் என்ற நம்பிக்கைக்கும் சோதனைகள் இடம் கொடுக்கவில்லை. காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துமே, அந்தப் பாதச் சவ்வு அழற்சி உள்ள 135 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை 2006-ல் வெளியானது. பொய்யான மெத்தை, ரெடிமேட் இன்சோல், அளவெடுத்த இன்சோல் என்று மூன்று பிரிவுகள். மூன்று மாதத்தில் இன்சோல்களால் கொஞ்சம் பலன். அதிலும் ரெடிமேடும் அளவெடுத்ததும் ஏறக்குறைய சமம். ஒரு வருடத்தில் மூன்று பிரிவினரும் ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள். அதே 2006-ல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலியச் சோதனை, உள்வளைவு மிக உயர்ந்த, வலிக்கும் பாதங்கள் உள்ள 154 பேரை எடுத்துக்கொண்டது. அங்கே அளவெடுத்த இன்சோல் பொய்யான இன்சோலைவிடத் தெளிவாக வலியைக் குறைத்தது.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் வழி தெரிகிறது. ஓரளவு சாதாரணப் பாதம், சாதாரண வலி என்றால் நல்ல ரெடிமேட் இன்சோலில் தொடங்குவதே புத்திசாலித்தனம். பாதம் வழக்கத்துக்கு மாறானது என்றால், அறுவை சிகிச்சை ஆகியிருந்தால், கால் நீளம் வித்தியாசப்பட்டால், ஒரே எலும்பு இரண்டாம் தடவை முறிந்தால், அளவெடுப்பதற்குச் செலவழிக்கலாம். மேற்கு வங்கத்தின் ஸ்வப்னா பர்மனுக்கு இரண்டு பாதங்களிலும் ஆறு ஆறு விரல்கள். கடையில் கிடைத்த ஷூக்களின் நெருக்கத்தில் வலியோடு ஓடித்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஹெப்டத்லான் தங்கம் வென்றார். அந்தப் பிரிவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற முதல் இந்தியர் அவர். அதற்குப் பிறகுதான் அடிடாஸ் நிறுவனம் ஜெர்மனியில் உள்ள தன் ஆய்வகத்தில் அவருடைய பாதத்தை அளந்து ஷூ செய்து கொடுத்தது. தங்கம் வாங்கிய பிறகு வந்த வசதி, அதற்கு முன்னால் வந்திருக்க வேண்டியது.

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக் குழுவினர் 206 ராணுவ வீரர்களுக்குப் பலவிதமான இன்சோல்களைக் கொடுத்து, தங்களுக்கு எது சுகமோ அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒருவர் தேர்ந்தெடுத்தது மற்றவருக்கு ஒத்துவரவில்லை. ஆனால் தனக்குச் சுகமானதைப் போட்டவர்களுக்கு, எதுவும் போடாதவர்களைவிடக் காயம் குறைந்தது. போட்டு ஓடிப் பார்க்கும்போது உடல் சொல்வதையும் ஒரு அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நிக் வாதாடி வருகிறார். "முதலில் வலிக்கும், பழகிவிடும்" என்று சொல்லி விறைப்பான தகட்டைத் தலையில் கட்டுபவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டைப் பாதம் ஒரு நோயா?

வணிக வளாகங்களில் கண்ணாடிப் பெட்டி மேல் ஏறி நிற்கச் சொல்லி, திரையில் சிவப்பாகத் தெரிகிற பாதத்தைக் காட்டி, "உங்க பையனுக்கு ஃப்ளாட் ஃபுட்" என்று பயமுறுத்தி விற்கிறார்கள். ராணுவத் தேர்வில் தட்டைப் பாதத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதை நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பெற்றோர் நடுங்குகிறார்கள். பதைக்க வேண்டியதில்லை. பையனை நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். உள்வளைவு தானாகத் தோன்றினால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலியில்லாமல் ஓடுகிறான் என்றால் அந்தப் பாதத்துக்கு எதுவுமே தேவையில்லை. வலி இருந்தாலோ, நுனிக்காலில் எழும்பியும் வளைவு வராவிட்டாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1992-ல் கர்நாடகத்தின் மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்தார்கள். ஷூ, செருப்பு அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம்தான். விரலை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. வெறுங்காலில் ஓடி விளையாடும்போது பாதத்தின் உள்தசைகள் வேலை செய்து வளர்கின்றன. ஆறு வயதுப் பையனுக்கு, வலியே இல்லாத காலுக்கு, தாங்கி வைக்கிற அவசரம் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பெரியவர்களுக்கும் இன்சோல் மட்டும் போதாது. கூடைப்பந்தின் ஸ்டெஃபன் கறி ஆட வந்த புதிதில் கணுக்கால் மடங்கி மடங்கி இரண்டு அறுவை சிகிச்சைகள் வரை போனார். அவரை நிமிர்த்தியதில் பெரிய பங்கு இடுப்புத் தசைப் பயிற்சிக்கு. திரும்பும்போதும் நிற்கும்போதும் கணுக்கால் ஏற்ற வேலையை இடுப்பு ஏற்கும்படி பழக்கினார்கள். சுமையை இடம் மாற்ற இன்சோல் ஒரு வழி, பயிற்சி இன்னொரு வழி. பயிற்சி மெதுவானது, மலிவானது. கூடவே பாரத்தை வாங்கப்போகிற இடத்தைப் பலப்படுத்திவிட்டு மாற்றுகிறது. முழங்கால் சில்லு வலி உள்ள 179 பேரை வைத்து பிரிஸ்பேனில் நடந்த சோதனை 2008-ல் வெளியானது. ஆறு வாரத்தில் இன்சோல் தட்டை அட்டையைவிட நன்றாகவே உதவியது. ஆனால் பிசியோதெரபி செய்தவர்களுக்கு மேலதிகமாக இன்சோல் கொடுத்ததால் கூடுதல் லாபம் ஏதும் இல்லை.

புது இன்சோல் வாங்கியவர்கள் செய்யும் பெரிய தவறு, ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குச் சனிக்கிழமை வாங்கிப் போடுவது. முதல் நாள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு மணி நேரம். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் நாள் முழுக்க. அதற்குப் பிறகு மெதுவான ஓட்டம், கடைசியில்தான் வேக ஓட்டமும் போட்டியும். ஷூவோடு வந்த அட்டையை எடுத்துவிட்டுத்தான் இதை வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குதிகால் ஷூவை விட்டு மேலேறிவிடும். புதிதாக முழங்காலிலோ இடுப்பிலோ வலி தோன்றினால் செய்தவரிடம் திரும்பப் போக வேண்டும். சீவித் திருத்துவது அவர் வேலையின் ஒரு பகுதி. நுரை இன்சோல்கள் தினமும் ஓடுகிறவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் அமுங்கிப்போகும்; கட்டைவிரலால் அழுத்தினால் திரும்பி எழாத இன்சோல் தன் வேலையை முடித்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் செய்ய ஆள் இல்லையா என்ன? ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகச் சந்தைக்கு ஷூ தைக்கிறார்கள். சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-லிருந்து இயங்குகிறது. பாதத்தின் அழுத்தத்தைப் பரப்பும் செருப்பை வேலூர் அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்து காட்டியது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பருவத் தொடக்கத்தில் ஒரு தடவை, வெறுங்காலில் நிற்கவைத்து, ஓடவிட்டு, பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்க்க ஒரு பிசியோதெரபிஸ்டுக்கு அரை மணி நேரம் போதும். பெரும்பாலோருக்குச் சரியான அளவு ஷூவும் கெண்டைக்கால் பயிற்சியும் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். மீதியுள்ள சிலருக்கு அளவெடுத்த இன்சோலை அரசே செய்து தர வேண்டும். அடுத்த பருவத்தில் அதே ஆள் அதே பிள்ளையின் முழங்காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.